சவுண்டா, இழுவையா? டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சர் தேர்ந்தெடுப்பது எப்படி?

வண்டி கண்ணில் படும் முன்பே சத்தத்தை மட்டும் வைத்து "ஆர்எக்ஸ் வருது" என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்றைக்கும் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1985-ல். தயாரிப்பு நின்றது 1996-ல். கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது பிறந்தேயிராத பையன்கள்தான் இன்று அதைத் தேடி அலைகிறார்கள். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். அப்படி வாங்கியவர்கள் பலரும் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? சைலன்சரைக் கழற்றுவது!

கழற்றிய இடத்தில் எதை மாட்டுவது? அதோடு இன்ஜினில் என்ன வேலை செய்வது? இதில் தவறான முடிவு எடுத்தால் போவது பணம் மட்டுமல்ல. கிடைப்பதற்கு அரிய ஒரு இன்ஜின் போகும். நேரம் சரியில்லாவிட்டால் ஓட்டுபவரின் கை காலும் போகும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு உதாரணம். காரைக்கால் தலத்தெருவில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய சித்தப்பா பல வருடமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த ஆர்எக்ஸ் 100 இப்போது அவன் கைக்கு வந்திருக்கிறது. கையில் சேர்த்து வைத்த பணம் பதினைந்தாயிரம். மெக்கானிக்கிடம் போகிறான்.

"அண்ணே, சைலன்சர் மாத்தணும். சவுண்டு சும்மா அதிரணும்."

"சவுண்டு வேணுமா தம்பி, இழுவை வேணுமா?"

"ரெண்டும்தாண்ணே."

"ரெண்டும் ஒரே குழாய்ல வராதுப்பா."

அந்த மெக்கானிக் சொல்வது சரியா? சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

குழாயும் இன்ஜினின் ஒரு பாகமே

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியே போவதற்கும் புதிய காற்று உள்ளே வருவதற்கும் தனித்தனி வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் நேரத்தில் திறந்து தன் நேரத்தில் மூடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த மாதிரி வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள் மட்டுமே. பிஸ்டன் மேலே போகும்போது அவற்றை மூடும், கீழே வரும்போது திறக்கும். அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகை போகும் துவாரம் திறக்கிறது. அடுத்து, புதிய பெட்ரோல் கலவை வரும் துவாரங்கள் திறக்கின்றன. கொஞ்ச நேரம் எல்லாமே திறந்திருக்கும். உள்ளே வந்த புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோல் குடிப்பதற்கும் அதிகப் புகை விடுவதற்கும் இது முக்கியமான காரணம்.

ஓடிப்போன கலவையைப் பிடித்து இழுத்து வந்து மறுபடி சிலிண்டருக்குள் தள்ள முடியுமா? முடியும்! அந்த வேலையைச் செய்வதுதான் சைலன்சர்.

புகை 'டப்' என்று வெளியேறும்போது ஒரு அழுத்த அலை கிளம்பி, குழாய் வழியாக ஓடுகிறது. குழாய் கூம்பு போல விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதிய கலவை வேகமாக உள்ளே வர உதவுகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அலை தள்ளும் அலையாகத் திரும்புகிறது. வெளியே ஓடிப்போன கலவையை, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்னால், உள்ளே தள்ளிவிடுகிறது. மெலிதாகத் தொடங்கி, வயிறு பெருத்து, மறுபடி குறுகி, கடைசியில் ஒரு சின்ன வால் குழாயோடு முடியும் பந்தய வண்டிகளின் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் எக்ஸ்பான்ஷன் சேம்பர். பட்டறைகளில் சுருக்கமாக 'சேம்பர்' என்பார்கள். ஆர்எக்ஸ் 100-ன் ஒரிஜினல் சைலன்சர் வெளியிலிருந்து பார்க்க சாதாரண நீளக் குழாய்தான். ஆனால் அதற்குள்ளும் இதே கணக்கு அடங்கியிருக்கிறது.

நீளத்தில் இருக்கிறது சூட்சுமம்

அலை சரியான நேரத்தில் திரும்பி வரவேண்டும். சீக்கிரம் வந்தாலும் பயனில்லை, தாமதமாக வந்தாலும் பயனில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 100 தன் முழுச் சக்தியான 11 குதிரைத்திறனைத் தருவது 7500 ஆர்பிஎம்மில். அதாவது நொடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடி. புகைத் துவாரம் திறந்திருப்பது ஏறக்குறைய பாதிச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். 4 மில்லி நொடியில் 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர்!

இதையே 10,000 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டால் போக 75 சென்டிமீட்டர்தான் வரும். குழாய் குட்டையாக வேண்டும். 4000 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.9 மீட்டர் வரும். வண்டியின் நீளத்துக்கே குழாய் போட்டாக வேண்டும்! (இது தோராயக் கணக்குதான். நிஜத்தில் கூம்பின் கோணம், வயிற்றின் பருமன், புகையின் சூடு எல்லாம் சேர்ந்து மாறும். ஆனால் அடிப்படை இதுதான்.)

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நாதஸ்வரம் போதும். திமிரி நாதஸ்வரம் குட்டை, அதன் சுருதி அதிகம். பாரி நாதஸ்வரம் நீளம், அதன் சுருதி குறைவு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரிக்கு மாறியபோது வாத்தியத்தின் நீளமே மாறியது. ஒரே நாதஸ்வரத்தில் திமிரியும் பாரியும் வாசிக்க முடியாது அல்லவா? அதே மாதிரி, ஒரே குழாயில் கீழ் வேகத்து இழுவையும் மேல் வேகத்துச் சக்தியும் முழுசாகக் கிடைக்காது. சேம்பர் மாட்டிய வண்டி ஒரு கட்டம் வரை சோம்பேறியாக இருந்துவிட்டு, திடீரென்று பேய் பிடித்த மாதிரி பாய்வதற்கும் இதுவே காரணம். அலையின் கணக்கு ஒத்துப்போகும் வேகம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லை தாண்டிய ரகசியம்

இந்தக் கணக்கைப் பந்தயக் களத்தில் மெருகேற்றியவர் வால்டர் காடன். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியின் ராக்கெட் ஆயுத ஆய்வில் வேலை பார்த்த பொறியாளர். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்தினார். பெரிய பண வசதி கிடையாது. ஆனாலும் 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கு! காற்றை அழுத்தித் தரும் கருவி எதுவும் இல்லாத இன்ஜின் அந்த அளவை எட்டியது அதுவே முதல்முறை. ஒப்பிட்டுப் பாருங்கள், 98 சிசி ஆர்எக்ஸ் 100 தந்தது லிட்டருக்குச் சுமார் 112.

அந்த அறிவு ஜப்பானுக்குப் போன கதை சினிமாவையே மிஞ்சும். எம்இசட்டின் முன்னணி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பரில் சுவீடன் பந்தயத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அதே சமயத்தில் ரகசியமாகக் காரில் மேற்கு ஜெர்மனிக்குக் கடத்தி வரப்பட்டார்கள். டெக்னர் சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே, 1962-ல், சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டத்தை வென்று கொடுத்தார். அதன்பிறகு ஜப்பான் கம்பெனிகளின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகம் முழுவதும் பரவின. இன்று தலத்தெருப் பையன் கையில் தட்டிப் பார்க்கும் குழாய்க்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது!

ஒரே இன்ஜின், வேறு வேறு சக்தி

குழாயும் துவாரமும் மாறினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி வெளியிட்ட ராஜ்தூத் 350. இது யமஹாவின் ஆர்டி 350 தான். இரண்டு சிலிண்டர். பிஸ்டன் விட்டம் 64 மி.மீ., ஓட்டம் 54 மி.மீ., மொத்தம் 347 சிசி. ஜப்பான் வண்டியின் சக்தி 39 குதிரைத்திறன். இந்தியாவில் மைலேஜ் வேண்டுமே! அதற்காக அடக்கி வெளியிட்டார்கள். முதலில் வந்த 'ஹை டார்க்' வண்டிக்கு 30.5. இன்னும் அடக்கிய 'லோ டார்க்' வண்டிக்கு 27. அதே அளவு சிலிண்டர், அதே அளவு பிஸ்டன். மூச்சு விடும் வழியை மாற்றியதில் 12 குதிரைத்திறன் போய்விட்டது!

இதே 64 x 54 அளவில், தண்ணீரால் குளிர்விக்கப்படும் இரட்டை சிலிண்டர் இன்ஜினோடு யமஹா ஒரு நான்கு சக்கர மணல் வண்டியையும் செய்தது. பெயர் பான்ஷீ. 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்றது. கலிஃபோர்னியாவின் மணல் மேடுகளில் பாய்ந்து ஏற அதைத்தான் பலர் விரும்பினார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் என்பதால் அதில் குழாய் மாற்றுவது பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. அங்கே கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து ஓட்டுபவருக்கு நடு வேகத்தில் இழுக்கும் குழாய். மணலில் நேராகச் சீறிப் பாய்பவருக்கு மேல் வேகத்தில் சக்தி தரும் குழாய். இடம் மாறினால் குழாயும் மாறும்.

அப்படியானால் காரைக்காலில் ஓட்டுகிறவருக்கு எது?

ஊரைப் பார்த்துக் குழாய்

காரைக்கால் சமதரை. மலை ஏற்றம் கிடையாது. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், நாகப்பட்டினம் என்று கடலோரச் சாலை. மேற்கே திருநள்ளாறு. சனிக்கிழமை ஆனால் திருநள்ளாற்றுப் பக்கம் பக்தர்கள் கூட்டத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே போகவேண்டும். மாங்கனித் திருவிழா சமயத்தில் காரைக்கால் டவுனுக்குள் முதல் கியரைத் தாண்ட முடியாது. இங்கே 3000 முதல் 6000 ஆர்பிஎம்முக்குள்தான் பெரும்பாலான நேரம் வண்டி ஓடும். 9000-க்கு மேல் சக்தி தரும் பந்தயக் குழாயை மாட்டிக்கொண்டு இந்தக் கூட்டத்தில் ஊர்ந்தால் என்ன ஆகும்? பிளக் கறுத்து அடைக்கும். வண்டி நடுரோட்டில் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய சக்தியைத் தொடுவதற்கு வாய்ப்பே வராது.

இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரிந்து வைத்திருப்பவர்கள் மீன் வியாபாரிகளும் விவசாயிகளும்தான். டெல்டாவில் பல வருடம் சுமை தூக்கிய டூ ஸ்ட்ரோக் வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல். எக்ஸ்எல் சூப்பரின் இன்ஜின் 69.9 சிசி, சக்தி வெறும் 3.5 குதிரைத்திறன். கியரே கிடையாது. ஆனால் பின்னால் மீன் கூடையோ நெல் மூட்டையோ கட்டினாலும் நின்ற இடத்திலிருந்து முக்கி முனகி இழுத்துவிடும். அதன் துவாரங்களும் சைலன்சரும் குறைந்த வேகத்தில் இழுப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்து அந்த இடத்தைப் பிடித்தது. எக்ஸ்எல் வைத்திருப்பவர் எவரும் சவுண்டுக்காக சைலன்சர் மாற்றுவதில்லை. வண்டி எதற்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், உப்புக் காற்று. சாதாரண இரும்புத் தகட்டில் செய்து மேலே பெயின்ட் மட்டும் அடித்த மலிவான குழாய் கடலோர ஊரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஓட்டை விழுந்தால் அலைக் கணக்கே கெட்டுவிடும்.

பையன் முன்னால் உள்ள நான்கு வழிகள்

1. ஒரிஜினலைச் சுத்தம் செய்வது. பல வருட 2டி ஆயில் எரிந்து சைலன்சருக்குள் கார்பன் அடைத்திருக்கும். கடைசியில் உள்ள பேஃபிள் குழாயைக் கழற்றிச் சுரண்டி, உள்ளே காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஊறவைத்துக் கழுவுவது பழைய முறை. (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினிய பாகங்களில் காஸ்டிக் படவே கூடாது, அரித்துவிடும்.) சிலிண்டரின் புகைத் துவாரத்திலும் கார்பன் சுரண்ட வேண்டும். செலவு மிகக் குறைவு. இழந்த இழுவை பெரும்பாலும் இதிலேயே திரும்பிவிடும்.

2. பேஃபிளைப் பிடுங்கிவிடுவது அல்லது ஓட்டை போடுவது. செலவே இல்லை. சவுண்டு அதிரும். ஆனால் சக்தி கூடாது. அடி வேகத்து இழுவை குறையும். சத்தம் கூடியதால் வேகம் கூடிய மாதிரி ஓட்டுபவருக்குத் தோன்றும். அது காதில் மட்டும்தான்!

3. 'ரேசிங் சைலன்சர்' என்று பெயர் போட்டு விற்பது. பார்க்க வயிறு பெருத்து அழகாக இருக்கும். எந்த இன்ஜினுக்கு, எந்த ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது வெறும் தகடு. வால் குழாயின் விட்டமும் முக்கியம். ரொம்பச் சின்னதாக இருந்தால் சூடு வெளியே போகாமல் பிஸ்டன் உருகும். ரொம்பப் பெரிதாக இருந்தால் உள் அழுத்தம் நிற்காமல் சக்தி போகும்.

4. கணக்குப் போட்டுச் செய்த சேம்பர். சிலிண்டரின் துவாரங்கள் திறக்கும் மூடும் நேரத்தை அளந்து, வேண்டிய ஆர்பிஎம்மை முடிவு செய்து, கூம்பு கூம்பாகத் தகடு வெட்டி வெல்டிங் செய்வது. உண்மையிலேயே பலன் தரும். ஆனால் செலவு அதிகம். இதன் இடம் பந்தயத் தடம். சென்னைக்குப் பக்கத்தில் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் ஒரு காலத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டை தடம் வந்தது. இந்தக் குழாய்க்கு அந்த மாதிரி இடம்தான் வீடு.

இன்ஜின் வேலைகள்: எது முதலில்?

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். போர்ட்டிங் முதலில், ஆயில் சீல் கடைசியில்! சரியான வரிசை வேறு.

முதலில் ஆரோக்கியம். பல வருடம் நின்ற வண்டியில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து விறைத்திருக்கும். அது கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும். ரீட் வால்வின் இதழ்கள் விரிந்து நிற்கின்றனவா, பிஸ்டன் ரிங் தேய்ந்ததா, 2டி ஆயில் பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை சரியில்லாத இன்ஜினில் எந்தக் குழாய் மாட்டினாலும் வீண்.

அடுத்து கார்புரேட்டர். சைலன்சர் மாற்றினால் காற்றோட்டம் மாறும். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். அதற்கேற்ற மெயின் ஜெட் போடவேண்டும். சரியா என்பதை பிளக் சொல்லிவிடும். காப்பிப் பொடி நிறம் என்றால் நல்லது. வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, ஆபத்து. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பேஃபிளைப் பிடுங்கியவர்களும் புதிய குழாய் மாட்டியவர்களும் தவறவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

தவறவிட்டால்? பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 'சீஸ்' என்பது இதுதான். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சீஸ் ஆனால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தால் தப்பிக்கலாம். பிடிக்காவிட்டால் சறுக்கல்தான். பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டிகள் எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் மேல் வைத்தபடி ஓட்டுவது ஸ்டைலுக்காக இல்லை.

பிழைத்தாலும் செலவு உண்டு. கீறல் விழுந்த பிளாக்கை ரீபோர் செய்து, 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவார்கள். அடுத்த தடவை 0.50. அப்படியே போனால் ஒரு கட்டத்தில் பிளாக் முடிந்துவிடும். தயாரிப்பு நின்று பல வருடமான வண்டிக்கு ஒவ்வொரு சீஸும் ஆயுளில் ஒரு துண்டைப் பிடுங்குகிறது.

கடைசியில்தான் போர்ட்டிங், ஹெட் இழைப்பது போன்றவை. புகைத் துவாரத்தை மேலே அரைத்து உயர்த்தினால் அது சீக்கிரம் திறக்கும், சக்தி மேல் வேகத்துக்கு நகரும், அடி வேகம் செத்துவிடும். அரைத்த இரும்பை மறுபடி ஒட்ட முடியாது! ஹெட்டை இழைத்தால் அழுத்தம் கூடும். அளவு மீறினால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆர்எக்ஸ் 135-ன் சிலிண்டரை 100-க்குப் போடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அதில் பிஸ்டன் விட்டம் 58 மி.மீ., கொள்ளளவு 132 சிசி. இங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒலி மற்றும் காற்று மாசு அளவை மீறி ஓட்டினால் 190-வது பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கும் மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோவதற்கும் இடமிருக்கிறது. பல இந்திய நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 எல்லாமே அந்த 15 வருடத்தைக் கடந்தவை. ஆக, ஒவ்வொரு தடவையும் வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டியாக வேண்டும். ஒரிஜினல் சைலன்சரை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர் அப்போது என்ன செய்வார்? புதுப்பிக்காத வண்டி தெருவில் ஓட முடியாத வண்டி. சித்தப்பா தந்த வண்டி அதோடு வீட்டு வாசலில் பொம்மையாக நிற்கும்.

பதினைந்தாயிரத்தை எப்படிச் செலவழிப்பது?

தலத்தெருப் பையனுக்கு வருவோம். அவன் மெக்கானிக் அண்ணனிடம் இப்படிச் சொல்லலாம்: முதலில் சீல், ரீட், ரிங், கார்புரேட்டர். பிறகு ஒரிஜினல் சைலன்சருக்கு டீகார்பன். புது பிளக். அதன்பின் ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. மிச்சப் பணத்தில் பிரேக் ஷூவும் நல்ல டயரும். வேகமாகப் போகிற வண்டி நிற்கவும் வேண்டுமே!

இதெல்லாம் முடிந்த பிறகும் சேம்பர் ஆசை போகவில்லையா? தவறில்லை. காசு சேர்த்து, கணக்குப் போட்டுச் செய்பவரிடம் செய்து, பந்தயத் தடத்தில் மாட்டி ஓட்டட்டும். ஒரிஜினலைத் துடைத்து எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கட்டும். தடத்திலிருந்து திரும்பியதும் அதை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வரட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். "எல்லாம் ஒரிஜினலாக இருந்தால் ஆர்எக்ஸ் சவுண்டு வருமா?" என்று கேட்கிறார்கள். ஊருக்கு நாலு பேர் பார்க்காமலே கண்டுபிடிக்கிறார்களே, அது எந்தச் சவுண்டு? பேஃபிள் உள்ளே இருக்க, 1985-ல் கம்பெனி வைத்துக் கொடுத்த அதே சவுண்டுதான்.